அலமாரிக்குள் ஒரு பாலைவனம்

திருவானைக்காவலுக்கும் பாலைவனத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவேன்: ஒரு பாலம், ஒரு பஸ் ஸ்டாப், ஓர் அலமாரிக் கதவு!

நம்புவது கஷ்டம்தான். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் நாம். கருவறைக்குள்ளேயே தண்ணீர் ஊறும் அப்புத் தலம். தல மரம் வெண்நாவல். இப்படி ஈரத்திலேயே ஊறிய ஊரில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்து முட்செடியைப் பற்றிப் பேச வருகிறேன் என்றால், காரணம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின் கார்டு கேட் பக்கம் நடந்தால் தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த கல்லூரி. தெப்பக்குளத்துக்குத் துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் போகிறவர்கள் அதன் மதிலை ஆயிரம் முறை கடந்திருப்பார்கள். அந்த வளாகத்துக்குள்தான் ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. காய வைத்து, அழுத்தி, காகிதத்தில் பதித்த செடிகளின் கருவூலம்!

உலகத்தில் உள்ள ஹெர்பேரியங்களுக்கெல்லாம் ஒவ்வொரு சுருக்கக் குறி உண்டு. ரபினாட் ஹெர்பேரியத்தின் குறி ஆர்.எச்.டி. லண்டனிலோ டோக்கியோவிலோ ஓர் ஆய்வாளர் கட்டுரையில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் போதும், அந்தச் செடி மலைக்கோட்டைக்குக் கீழே ஓர் அலமாரியில் படுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இதை முதலில் அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

ஆல்ஃபிரட் ரபினாட் இங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. அவர் பெயரால் 1967-இல் இதை நிறுவியவர் அதே சபையைச் சேர்ந்த கே.எம். மேத்யூ. அவரும் அவருடைய மாணவர்களும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன் என்று ஏறி இறங்கி, காவிரிச் சமவெளியின் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் குனிந்து குனிந்து சேகரித்தார்கள். அந்த உழைப்பு ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்’ என்ற பெருநூல் தொகுதியாக 1981 முதல் 1988 வரை வெளிவந்தது. மத்தியத் தமிழகத்துக்கென்று ஒரு கையேடு 1991-இல் வந்தது. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய தொகுதிகள் 1999-இல். திருச்சி என்றால் கோயிலும் கோட்டையும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த நூல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கதவைத் திறப்போம்.

எந்த ஹெர்பேரியமானாலும் முதலில் வரவேற்பது வாசனைதான். நாப்தலின், பழைய காகிதம், அடியில் எங்கோ காய்ந்த வைக்கோல். அலமாரிக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் கெட்டிக் காகித உறைகள். பேரினத்துக்கு ஓர் உறை, அதற்குள் இனத்துக்கு ஓர் உறை, அதற்குள் ஷீட்டுகள். ஷீட் என்றால் நம் நாட்டு அளவில் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம் உள்ள தடித்த வெள்ளை அட்டைக் காகிதம். அதன்மேல் செடி. கீழே வலது மூலையில் லேபிள். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைத்தபோது எந்த மாதிரியை ஆதாரமாக வைத்தார்களோ, அந்த ‘டைப்’ ஷீட்டுக்குத் தனி உறை, பெரும்பாலும் சிவப்பில். அதைத் தொடும்போது எல்லோருடைய குரலும் தானாகத் தணிகிறது.

உள்ளே போகிறவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், புத்தகப் பக்கம் மாதிரி ஷீட்டைத் திருப்பக் கூடாது என்பது! இரண்டு கையாலும் தட்டையாகத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். குப்புறக் கவிழ்த்தால் காய்ந்த இதழ் உதிரும், விதை கொட்டும். நூறு வருஷம் காத்த பூ ஒரு நொடியில் தூளாகும்.

இப்போது நம் கதாநாயகிக்கு வருவோம். எக்கினாப்ஸ் எக்கினேட்டஸ். சூரியகாந்திக் குடும்பத்து முட்பூண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தது அல்ல, இந்த மண்ணுக்கே உரியது. தார்ப் பாலையில் இதற்கு ஊன்ட் கட்டாரா என்று பெயர். ஒட்டகம் ஆசையோடு மெல்லும் முள். இலையின் விளிம்பெல்லாம் ஊசி. தண்டும் இலையின் அடிப்பக்கமும் வெள்ளை நூலால் போர்த்தியதுபோல் இருக்கும். சிலந்தி வலை படிந்தாற்போல என்றுதான் தாவரவியலாளர்களே வர்ணிக்கிறார்கள். சிலந்தி வலை கட்டி ஈசனைக் காத்த தலத்தில் பிறந்தவளுக்கு இதைப் படித்ததும் சிலிர்க்காமல் இருக்குமா? கதையில் அந்த வலை சருகு விழாமல் காத்தது. செடியில் இந்த நூல் வெயிலைத் திருப்பி, ஈரம் பறந்துபோகாமல் காக்கிறது.

உச்சியில் பூப்பந்து. முழு உருண்டை, சுற்றிலும் முள், இடையில் வெளிர் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கள். இதன் ரகசியம் தெரிந்தால் துள்ளிக் குதிப்பீர்கள். சூரியகாந்தியிலும் சாமந்தியிலும் நாம் ‘ஒரு பூ’ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்கள் கூடிய கொத்து. அந்தக் கொத்துக்கு ஒரே உறை. எக்கினாப்ஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு சிறு பூவுக்கும் தனித்தனி முள் உறை. ஒரு பூ மட்டுமே கொண்ட கொத்துகள் நூற்றுக்கணக்கில் திரண்டு ஒரு பந்தாகி நிற்கின்றன. கூட்டுக்குள் கூட்டு! முற்றினால் பந்து உடைந்து, ஒவ்வொரு விதையும் தன் முட்கவசத்தோடு கிளம்பிவிடும்.

இந்த அழகைத் தட்டையாக்குவது எப்படி? மேடைக்குப் பின்னால் நடக்கும் இந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சாதாரணச் செடி என்றால் லேசு. செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலும் கீழும் ஒற்றுத்தாள் அடுக்கி, மரச்சட்டப் பிரஸ்ஸில் வைத்து வாரால் இறுக்கினால் முடிந்தது. தினமும் தாள் மாற்ற வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், இலை கறுக்கும். முட்செடி இந்த ஒழுங்குக்கெல்லாம் கட்டுப்படாது. பூப்பந்து பருமனாக நிற்பதால் பிரஸ் அதன்மேல் மட்டும் அழுந்தும். பக்கத்து இலைகளுக்கு அழுத்தமே கிடைக்காமல் அவை சுருண்டுபோகும். முள்ளோ செய்தித்தாளைக் கிழித்து, ஒற்றுத்தாளைக் குத்தி, அடுத்த மடிப்பில் படுத்திருக்கும் அப்பாவிச் செடியையும் துளைக்கும். கட்டுகிறவர் விரலைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் உபாயம் உபாயமாகச் செய்கிறார்கள். பந்தை நடுவில் பிளந்து ஒரு பாதியை மட்டும் வைப்பார்கள். வெட்டுமுகம் மேலே தெரிந்தால் உள்ளமைப்பும் பார்க்கக் கிடைக்கும். இலைகளின்மேல் பஞ்சுத் திண்டோ மடித்த காகிதமோ வைத்துப் பந்தின் உயரத்துக்குச் சமன் செய்வார்கள். பிரஸ்ஸுக்குப் போகும் முன்பே இரண்டு பலகைக்கு நடுவில் செடியை வைத்து மிதித்து முள்ளை அடக்குவதும் உண்டு. உதிர்ந்த பூக்களையும் விதைகளையும் வீணாக்குவதில்லை. ஒரு சின்னக் காகித உறையில் போட்டு ஷீட்டின் மூலையிலேயே ஒட்டிவிடுவார்கள். பின்னால் வரும் ஆய்வாளர் செடியைத் தொடாமலே அந்த உறையைத் திறந்து ஒரு பூவை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம்.

காய்ந்தபின் ‘மவுண்ட்’ செய்கிற வேலை. பசை மட்டும் முள்தண்டைப் பிடித்து நிறுத்தாது. ஊசி நூல் எடுத்துத் தைக்க வேண்டும். தண்டு வளையும் இடத்தில் ஒரு தையல், பூவுக்குக் கீழே ஒரு தையல், பின்பக்கம் முடிச்சு தெரியாமல் காகிதத் துண்டு. பொறுமையும் கைத்திறனும் கேட்கிற வேலை. அதைச் செய்தவர் பெயர் எந்த லேபிளிலும் இருக்காது. எனக்கு அதில் ஒரு தாங்கல் உண்டு. சேகரித்தவர் பெயர், பெயரிட்டவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கும்போது தைத்தவர் பெயரும் இருக்கட்டுமே!

பூச்சியின் கதை இதற்கு மேல். புகையிலை வண்டு என்று ஒரு குட்டிப் பயல் இருக்கிறான். பழுப்பு நிறம், எள்ளளவு உடம்பு. சூரியகாந்திக் குடும்பம் என்றால் அவனுக்கு விருந்து. உருண்டைத் தலைக்குள் முட்டை வைத்தால் புழு உள்ளேயே தின்று தின்று, வெளியே முழுசாகத் தெரியும் பூ உள்ளே வெறும் மாவாக இருக்கும். அவனைத் தடுக்கத்தான் பழைய காலத்தில் மெர்குரிக் குளோரைடை ஆல்கஹாலில் கரைத்துச் செடியை அதில் முக்கி எடுத்தார்கள். செடி பிழைத்தது. ஆனால் பாதரச விஷம் ஷீட்டிலேயே தங்கிவிட்டது. பழைய ஷீட்டைக் கையுறை போட்டுத் தொடச் சொல்வது இதற்காகத்தான். இப்போது உறைகுளிர்ப் பெட்டியில் சில நாள் வைத்து எடுக்கிறார்கள். விஷமில்லாமல் வேலை முடிகிறது.

முள்ளை விட்டுக் கண் லேபிளுக்கு நகரட்டும். எங்கே, எப்போது, யார், எந்த மண், எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், ஊரார் என்ன பெயர் சொன்னார்கள். ஏழெட்டு வரிகள்தான். அந்த வரிகள் இல்லாவிட்டால் அத்தனை அழகான ஷீட்டும் வெறும் சருகு. இருந்தால் அது சாட்சி!

இந்தியப் பாலைக்கு அப்படிச் சாட்சி சேர்த்தவர்களில் முன்னே நிற்பவர் எத்தெல்பர்ட் பிளாட்டர். சுவிட்சர்லாந்துக்காரர், பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர், அவரும் இயேசு சபைத் துறவி. ஹால்பெர்க்குடன் சேர்ந்து ஜோத்பூர், ஜெய்சல்மேர் மணலில் அலைந்து அவர் எழுதிய பாலைத் தாவரப் பட்டியல் 1918 முதல் 1921 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் தொடராக வந்தது. அவர் பெயரில் பிளாட்டர் ஹெர்பேரியம் இன்றும் மும்பையில் இருக்கிறது. மும்பையில் பிளாட்டர், திருச்சியில் ரபினாட், செம்பகனூரில் செடிகளை ஓவியமாகவே தீட்டிக் குவித்த ஆங்கிலாட். இந்தச் சபைத் துறவிகள் ஜெபமாலையோடு செடிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஜோத்பூரில் எம்.எம். பண்டாரி தம் வாழ்நாளைக் கொடுத்து எழுதிய ‘இந்தியப் பாலைவனத் தாவரங்கள்’ 1978-இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1990-இல் 682 இனங்களை விவரிக்கிறது. வெறும் மணல் என்று நாம் ஒதுக்கும் இடத்தில் அத்தனை உயிர்!

இதற்கெல்லாம் முன்னோடிகள் நம் கடற்கரையில் நிற்கிறார்கள். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரோடு பழகித் தாவரவியலில் ஊன்றியவர் வில்லியம் ராக்ஸ்பர்க். நம் முட்பந்துக்கு எக்கினேட்டஸ் என்று பெயர் சூட்டியவர் இந்த ராக்ஸ்பர்க்தான். 1815-இல் அவர் இறந்தார். அந்தப் பெயர் அச்சான ‘ஃப்ளோரா இண்டிகா’ மூன்றாம் தொகுதி 1832-இல் வந்தது. பெயர் வைத்தவர் போனபின் பதினேழு வருஷம் காத்திருந்து உலகுக்கு வந்த பெயர். தரங்கம்பாடிக்குப் பின்னாளில் வந்த ரோட்லர் பாதிரியாரும் செடி சேர்த்தவர். அவருடைய தொகுப்பு இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. அதே ரோட்லர் ஒரு தமிழ்–ஆங்கில அகராதியும் எழுதினார். சொற்களையும் இலைகளையும் ஒரே மனிதர் சேர்த்தார் என்பதை நினைக்க நினைக்க இனிக்கிறது.

அதெல்லாம் தார்ப் பாலை, நமக்கு என்ன என்று கேட்கலாம். டைக்கோமா டொமெண்டோசாவைக் காட்டுகிறேன். இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். முட்பூண்டுகளுக்கு எட்டாத உறவு இல்லை. குட்டைச் செடி, உடலெங்கும் வெண்பஞ்சு, பூத்தலையைச் சுற்றி ஈட்டி முனைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியில் தொடங்கி, ராஜஸ்தான் மணலைத் தாண்டி, தமிழ்நாட்டின் வானம் பார்த்த பூமி வரை இது வளர்கிறது. சகாரா ஓரத்து மேய்ப்பனும் நம் பக்கத்து ஆட்டுக்காரரும் ஒரே முள்ளை மிதிக்கிறார்கள்! பாலை என்பது எங்கோ தொலைவில் இருக்கும் நாடு அல்ல. மழை பொய்த்த நம் தரிசிலும், சாத்தான்குளம், குதிரைமொழி பக்கத்துச் செம்மணல் தேரியிலும் அதன் விரல்கள் நீண்டிருக்கின்றன.

இனி நான் அடித்துச் சொல்ல வந்த விஷயம். ஹெர்பேரியங்களில் முட்செடிகள் குறைவு. காட்டில் குறைவாக இருப்பதால் அல்ல, மனிதர்கள் தவிர்ப்பதால்! குத்தும், பிரஸ்ஸில் அடங்காது, வண்டு தின்னும், அழகில்லை என்று பெயர் வேறு. சேகரிக்கப் போகிறவர் பாதையோரத்தை விட்டு அதிகம் நகர மாட்டார், வெயில் நேரத்தில் தரிசுக்குப் போக மாட்டார், வழியில் வேறு ஏதாவது பூத்திருந்தால் அதைத்தான் எடுப்பார். உலகெங்கும் இதே கதை. கள்ளி, தாழை, பனை, முட்பூண்டு இவற்றின் ஷீட்டுகள் எங்கும் தேவையைவிடக் குறைவுதான். இந்த ஷீட்டுகளின் தகவலைக் கணினியில் ஏற்றி, புள்ளி வைத்து, ‘இந்தச் செடி இங்கெல்லாம் வளர்கிறது’ என்று வரைபடம் போடுகிறார்கள். புள்ளியில்லாத இடத்தைப் பார்த்ததும் ‘அங்கே செடி இல்லை’ என்று படித்துவிடுகிறோம். அங்கே செடி இல்லாமல் இருக்கலாம். ஆள் போகாமலும் இருக்கலாம். வரைபடத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

‘தரிசு’ என்று முத்திரை குத்தி ஒரு நிலத்தில் ஆலை வைக்கவோ மனை போடவோ போகும்போது, ‘அங்கே என்ன இருந்தது?’ என்ற கேள்விக்கு அலமாரிதான் பதில் சொல்ல வேண்டும். அலமாரியில் ஷீட் இல்லையென்றால் அந்த நிலம் வாய் திறக்காமலே போய்விடும். அதனால்தான் ஒரு ரோஜா ஷீட்டைவிட ஒரு முட்பூண்டு ஷீட்டின்மேல் எனக்குப் பத்து மடங்கு பிரியம்.

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலையில் இதே குலத்து மண்ணின் முட்பூண்டு ஒன்று இருக்கிறது. சிர்சியம் மொஹாவென்சே. பாலைவனச் செடி என்றாலும் அது தேடி வேர்விடுவது ஊற்றோரத்தை. வறண்ட மலை மடிப்பில் அது நின்றால், கீழே தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். அதன் பழைய லேபிள்களை வரிசையாகப் படித்தால் எந்தப் பள்ளத்தில் எந்த வருஷம் ஊற்று இருந்தது என்று ஊகிக்க முடிகிறது. முள் வழியே நீரின் வரலாறு! சுவாமியின் காலடியில் ஊற்றைப் பார்த்து வளர்ந்த திருவானைக்காவல்காரர்களுக்கு இதைவிடப் பிடித்த சேதி கிடைக்குமா?

இன்னொரு வேடிக்கையும் அலமாரியில்தான் வெளிச்சமாகும். நம் ரோட்டோரத்தில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் பிரம்மதண்டைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் அசல் முட்பூண்டு. ஒடித்தால் மஞ்சள் பால். ஆனால் அது கசகசாக் குடும்பம், பிறந்த ஊர் மெக்சிகோ. நாட்டு மருந்துக்காரர் கையில் அது நம்முடையதாகவே ஆகிவிட்டது. நாம் ‘நம்ம ஊர்ச் செடி’ என்று உறவு கொண்டாடுவது எப்போது இங்கே காலடி வைத்தது என்று தேட வேண்டுமென்றால், தேதி போட்ட ஷீட்டுகளை விட்டால் நல்ல வழி கிடையாது. உள்ளூர் முள் எது, வந்தேறிய முள் எது என்று பிரித்தால்தான் எதைக் காப்பது, எதைக் களைவது என்று முடிவு செய்ய முடியும்.

ஹெர்பேரியம் என்பது செத்த செடிகளின் கிடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அங்கே ஓயாமல் வேலை நடக்கிறது. காய்ந்த இலைத் துணுக்கிலிருந்து மரபணு எடுக்கிறார்கள். பழைய தேதிகளோடு இன்றைய பூப்புக் காலத்தை ஒப்பிட்டுப் பருவம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. 1853-இல் கிளெக்ஹார்ன் சென்னையில் தொடங்கி, 1909-இல் கோவைக்கு இடம் மாறியது. ஹௌராவில் மத்திய தேசிய ஹெர்பேரியம். உலகெங்கும் சுமார் 3,500 ஹெர்பேரியங்கள், அவற்றில் ஏறக்குறைய 40 கோடி ஷீட்டுகள். ஷீட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் வேலையும் நடக்கிறது. திருச்சியில் தைத்த முள்ளை சாவோ பாவ்லோவில் ஒரு மாணவி பெரிதாக்கிப் பார்க்கலாம்!

ஆசை வந்துவிட்டதா? மழை ஓய்ந்ததும் பக்கத்துத் தரிசுக்குப் போங்கள். காப்புக்காடு வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும். ஒன்றிரண்டே நிற்கும் செடியில் கை வைக்காதீர்கள். கூட்டமாக நிற்பதில் ஒன்று போதும், பூவோடும் காயோடும். கெட்டியான கையுறை, பழைய செய்தித்தாள், இரண்டு பலகை, ஒரு பெல்ட். தாளின் தேதியைக் கிழிக்காமல் வையுங்கள், பின்னால் எடுத்துப் பார்க்கச் சுவையாக இருக்கும். ஊர், தேதி, மண், பெயர் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். முக்கியமாகப் பூவின் நிறம். நாலே நாளில் அது வெளிறிப் பழுப்பாகிவிடும், அப்புறம் எந்த நுண்ணோக்கியாலும் அதை மீட்க முடியாது. ஆடு மேய்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் செடியைக் காட்டி, “ஐயா, இதுக்கு உங்க பக்கம் என்ன பேரு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே லேபிளில் எழுதிவிட்டு, கட்டை எடுத்துக்கொண்டு தாவரவியல் துறை உள்ள ஏதாவது ஒரு கல்லூரிக்குப் போங்கள்.